பள்ளத்துக்குப் போகிறவர்கள்

எங்கள் ஊரில் ஓடையை யாரும் ஓடை என்று சொல்ல மாட்டார்கள். பள்ளம் என்றுதான் சொல்வார்கள். மேட்டுக்காட்டில் பெய்கிற மழையை வாங்கிக்கொண்டு போய் ஆற்றில் சேர்க்கிற சின்ன நீர்வழிகள் எல்லாமே கொங்குப் பக்கத்தில் பள்ளம்தான். கோவை நகரத்துக்குள் ஓடும் சங்கனூர் பள்ளம் பெரியது, ஊரறிந்த பெயர் உடையது. எங்களுடையதற்குப் பெயர்கூடக் கிடையாது. அரசாங்க வரைபடத்தில் நீலக் கோடாக வரும், சில வரைபடங்களில் அதுவும் வராது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் சேர்கிற நொய்யலுக்கு இப்படிப் பெயரில்லாத பள்ளங்கள்தான் தண்ணீர் தந்து வந்தன.

நான் அமுச்சி வீட்டில் வளர்ந்தவள். அந்த வீட்டில் ஒரு பெண் "பள்ளத்துக்குப் போயிட்டு வாரேன்" என்று சொன்னால் அதற்கு மூன்று அர்த்தம் உண்டு. பகலில் சொன்னால் துணி துவைக்க. சாயங்காலம் சொன்னால் மேய்கிற வெள்ளாடுகளை ஓட்டிவர. விடியற்காலை இருட்டில் சொன்னால், அல்லது சொல்லாமலே சொம்போடு கிளம்பினால், அது வெளிக்குப் போக. ஆண்களுக்குப் பள்ளம் என்றால் பாலம். வண்டியில் அதைத் தாண்டிப் போவார்கள். மழைக்காலத்தில் பாலத்தின் மேல் நின்று எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பேசிக்கொள்வார்கள். கீழே இறங்கித் தண்ணீரில் கால் வைத்தவர்கள் நாங்கள்தான்.

அதனால் பள்ளத்தைப் பற்றித் தெரிந்தவர்களும் நாங்கள்தான். கோடையில் தண்ணீர் நின்றுபோனால் மணலில் எந்த இடத்தில் ஊத்து தோண்ட வேண்டும் என்று அமுச்சிக்குத் தெரியும். முழங்கை ஆழம் பறித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். கலங்கல் அடங்கித் தெளிந்த பிறகு கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவாள். நுரை கையால் தள்ளினால் உடைகிறதா, உடையாமல் ஒதுங்கி நிற்கிறதா என்று பார்ப்பாள். உடையாத நுரை வந்த அன்று துணி மூட்டையைப் பிரிக்காமலே திரும்பிவிடுவாள்.

இதை எழுதும்போது பழைய காலம் இனிமையாக இருந்தது என்ற தோற்றம் வந்துவிடக்கூடாது. நாங்கள் தோட்டம் வைத்திருந்த சாதி. பாலத்துக்கு மேல்புறம் எங்கள் துறை. பாலம் தாண்டி, தண்ணீர் இறங்கிப் போகிற பக்கம், அருந்ததியர் காலனிப் பெண்களின் துறை. மாதவிலக்குத் துணியை நாங்கள் எங்கள் துறையில்தான் அலசினோம். அந்தத் தண்ணீர் அவர்களுடைய துறைக்குத்தான் போனது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதில்லை. "ஓடற தண்ணிக்குத் தீட்டு இல்ல" என்று அமுச்சி சொல்லுவாள். ஆனால் அவர்கள் எங்கள் துறைக்கு வந்தால் தீட்டு. ஓடுகிற தண்ணீருக்குத் தீட்டு இல்லை என்ற ஞானம் ஒரே திசையில்தான் வேலை செய்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் கழிப்பறை கட்டினார்கள். பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாகக் கட்டினார்கள். ஆழ்துளைக் கிணறும் வீட்டுக் குழாயும் வந்தன. நாங்கள் பள்ளத்துக்குப் போவதை நிறுத்தினோம். பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இருட்டுக்காக வயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் யாரும் போகாத இடம் சீக்கிரமே யாரும் பார்க்காத இடமாகிவிடுகிறது. துறையைச் சீமைக்கருவேலம் மூடியது. கோழிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையாக வந்து விழுந்தது. பக்கத்துத் திருப்பூரில் நொய்யல் சாயத்தண்ணீராக ஓடியதும், பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக்குக் குட்டையானதும், விவசாயிகள் வழக்குப் போட்டதும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் பத்திரிகையில் வந்தன. ஆற்றுக்கு வழக்கு இருந்தது, சங்கம் இருந்தது, செய்தி இருந்தது. பெயரில்லாத பள்ளத்துக்கு எதுவும் இல்லை.

விலங்கியல் படித்துவிட்டு 2009இல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது எங்கள் பள்ளத்தைத்தான் ஆய்வு செய்வேன் என்றேன். நெறியாளர் சிரித்தார். "பொம்பளப் புள்ள பள்ளம் பள்ளமா அலைய முடியுமாம்மா? லேபுக்குள்ளயே முடியற மாதிரி ஒரு தலைப்பு எடுத்துக்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. தன் மகளுக்கும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அந்த நாட்களில் நூலகத்தில் ரூத் பேட்ரிக் பற்றிப் படித்தேன். 1907இல் பிறந்த அமெரிக்க நீரியல் அறிஞர். டயட்டம் என்கிற நுண்பாசிகளில் தேர்ந்தவர். ஃபிலடெல்ஃபியாவின் இயற்கை அறிவியல் கழகத்தில் பல ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார். 1948இல் பென்சில்வேனியாவின் கோனஸ்டோகா நீரோடைக்குப் பல துறை ஆய்வாளர்களைக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீரில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, அதில் எத்தனை வகை உயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன என்று எண்ண வேண்டும் என்று காட்டினார். 105 வயது வரை வாழ்ந்தார். முழங்கால் வரை இறப்பர் பூட்ஸ் போட்டு ஓடையில் நின்ற ஒரு பெண் எனக்கு முன்னால் இருந்தார் என்பதே அப்போது போதுமானதாக இருந்தது. தலைப்பை மாற்ற மாட்டேன் என்று நெறியாளரிடம் சொல்லிவிட்டேன்.

வேலை இதுதான். நான்கு இடங்களைத் தேர்ந்துகொண்டேன். எஸ்1, பள்ளத்தின் மேல்பகுதி. எஸ்2, எங்கள் பழைய துறை. எஸ்3, பாலம். எஸ்4, காலனித் துறை. அதற்குச் சற்றுக் கீழே ஒரு தடுப்பணை உண்டு என்பதால் எஸ்4இல் தண்ணீர் தேங்கி நிற்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை காலை, அப்பாவின் ஸ்கூட்டரில் போய், கல்லைப் புரட்டி, வலையால் அரித்து, வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்பேன்.

வெள்ளைத் தட்டில் தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்தால் ஓர் ஊரே நகரத் தொடங்கும். வாலில் மூன்று இழையோடு மேஃபிளையின் இளம்பூச்சி. மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்குத்தானே உறை கட்டிக்கொண்டு உள்ளே வாழும் காடிஸ் புழு. இவை இரண்டும் பெரும்பாலும் ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரைத் தேடுகிறவை. தும்பியின் இளம்பூச்சி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நத்தைகளில் சில இன்னும் பொறுத்துக்கொள்ளும். கடைசியில் எஞ்சுவது சிவப்புப் புழு. அதன் உடம்பில் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் உண்டு. அதனால் மற்றவை மூச்சு முட்டிச் செத்துப்போகிற சேற்றிலும் அது நெளிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால் தண்ணீரின் நிலை தெரிந்துவிடும். பிரிட்டனில் உருவான இந்த முறையை நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பயன்படுத்துகிறது. பூச்சிகளின் சிறப்பு என்னவென்றால், தண்ணீர் மாதிரி அந்த நிமிடத்தைத்தான் சொல்லும், பூச்சி போன மாதத்தையும் சேர்த்துச் சொல்லும்.

ஒருநாள் அமுச்சியைக் கூட்டிப்போனேன். அவளுக்கு எண்பதுக்கு மேல் வயது. பாலத்தடியில் எடுத்த தட்டை அவளிடம் நீட்டினேன். "செவப்புப் புழுவா? இது இருந்தா நாங்க துணி நனைக்க மாட்டமே" என்றாள். பத்து மாதம் கழித்து என் அட்டவணை சொல்லப்போவதை அவள் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாள். ஆனால் அவளுக்குத் தெரியாததும் இருந்தது. எஸ்4இல் சில நாட்களில் தண்ணீர் தெளிவாக இருக்கும். அமுச்சி பார்த்தால் நல்ல தண்ணீர் என்றுதான் சொல்லியிருப்பாள். என் ஆய்வகத் தட்டில் அதே தண்ணீரிலிருந்து மலக்கழிவு பாக்டீரியாக்கள் குடியிருப்புகளாக வளர்ந்து நின்றன. கண்ணால் பார்த்துச் சொல்கிற அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதை அறிய ஆய்வு வேண்டும். இரண்டில் ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தள்ளுகிறவர்களோடு எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை.

ஆனால் என் ஆய்வில் இருந்த ஓட்டை பூச்சியிலோ ரசாயனத்திலோ இல்லை. அதை எனக்குச் சொன்னவர் காலனியைச் சேர்ந்த ஓர் அக்கா. துணியை அடித்துத் துவைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, ஒரு வருசமா வந்து வந்து எங்க தண்ணிய பாட்டல்ல புடிச்சுட்டுப் போறீங்க. அது எப்படி இருக்குதுன்னு ஒரு நாளாச்சும் எங்ககிட்டச் சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. எட்டு மாதமாக எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் குழந்தைகள் குளிப்பதை ஒவ்வொரு முறையும் பார்த்தேன். பார்த்தபடியே பாட்டிலை மூடி, லேபிள் ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனேன். கட்டுரையாக வெளிவரும்வரை முடிவுகளை யாரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. அதுவரை அந்த அக்காவை நான் எப்படி அழைத்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். அழைத்ததே இல்லை. என் அமுச்சி வயதுள்ள காலனிப் பெண்கள் என்னை "வாங்க, போங்க" என்று பேசுவார்கள். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள்கூட அவர்களை ஒருமையில் பேசும். நான் படித்தவள், அப்படிப் பேச மாட்டேன். அதனால் பேசாமலே இருந்துவிட்டேன். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று கல்லின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள், வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "செவ்வாக்கெழம வெடியால வந்து எடுத்தா என்னங்க தெரியும்? ஞாயித்துக்கெழம ராத்திரி ஒரு மணிக்கு வாங்க. பாலத்துமேல லாரி நிக்கும்."

செப்டிக் டேங்க் லாரி. ஊர்த் தெருவின் கழிப்பறைத் தொட்டிகளை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வருகிற லாரி. பாலத்தில் நிறுத்திக் குழாயைத் திறந்துவிட்டுப் போகும். காலனியில் அப்போது ஒரு வீட்டிலும் கழிப்பறை இல்லை. பெண்கள் இருட்டில் எழுந்து போகவேண்டியிருந்ததால்தான் அவர்களுக்கு லாரியின் நேரம் தெரிந்திருந்தது. நாங்கள் கழிப்பறை கட்டிக்கொண்டு பள்ளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டோம். எங்கள் கழிவு மட்டும் லாரி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. லாரி வைத்திருந்தவர் எனக்கு மாமன் முறை.

அடுத்த ஞாயிறு இரவு அக்காவும் இன்னும் ஐந்து பெண்களும் நானும் துறையில் உட்கார்ந்திருந்தோம். லாரி வந்தது, போனது. பாலத்தடியில் தண்ணீர் எடுத்தேன். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க 1888இல் விங்க்ளர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் சொன்ன முறை இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் உண்டு. பாட்டிலில் இரண்டு திரவங்களை விட்டால் அடியில் வீழ்படிவு இறங்கும். பழுப்பாக இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாக இறங்கினால் இல்லை. எங்கள் ஊர் வெப்பநிலையில் நல்ல ஓடைத் தண்ணீர் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைத் தாங்கும். டார்ச் வெளிச்சத்தில் பாட்டிலைப் பிடித்தேன். பால் மாதிரி வெள்ளை. "வெள்ளையா இருந்தா நல்லதுங்களா?" என்று ஒரு பெண் கேட்டார். "இல்லக்கா, இதுல மீனு மூச்சு விட முடியாது" என்றேன். யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்குப் போகிற ஒரு சிறுமி பழைய கணக்கு நோட்டில் தேதி, மணி, லாரி, நாற்றம், நிறம் என்று எழுதத் தொடங்கினாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

இரவு அளவீடுகளை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும் என்றேன். ஒப்புதல் பெற்ற முறையில் அது இல்லை, ஒழுங்கான இடைவெளியும் இல்லை, தேர்வாளர் கேள்வி கேட்பார், விட்டுவிடு என்றார் நெறியாளர். பட்டம் தள்ளிப்போகும் என்று பயந்தேன். விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமைக் கணக்குப்படி ஞாயிறு இரவு பாலத்தில் கொட்டியது இரண்டு நாளில் கீழே இறங்கித் தடுப்பணைத் தேக்கத்தில் தங்கியிருக்கும். ஆகவே என் அட்டவணையில் எஸ்3 சுமார், எஸ்4 மிக மோசம். அதற்குக் காரணமாக ஆய்வின் தொடக்கத்தில் நான் எழுதிவைத்த ஒரு வரி அப்படியே அச்சாகிவிட்டது: அருகிலுள்ள குடியிருப்பின் வீட்டுக் கழிவு காரணமாக இருக்கலாம். 2014இல் பட்டம் கிடைத்தது. நன்றியுரையில் நெறியாளர், கல்லூரி, ஸ்கூட்டர் கொடுத்த அப்பா, ஓராண்டுக்கு முன் இறந்துபோன அமுச்சி எல்லாரும் இருந்தார்கள். அந்த ஆறு பெண்கள் இல்லை.

ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்த பிறகு சனிக்கிழமைகளில் ஊர் அரசுப் பள்ளிக்குப் போனேன். பள்ளத்தை உங்களுக்குத் தெரிந்தபடி வரையுங்கள் என்றுதான் முதல் நாள் ஆரம்பித்தேன். ஊர்த்தெருப் பிள்ளைகள் மேலிருந்து பாலம் வரை வரைந்தார்கள். காலனிப் பிள்ளைகள் பாலத்திலிருந்து கீழே வரைந்தார்கள். முழுப் பள்ளத்தையும் ஒருவர்கூட வரையவில்லை. தாள்களை ஒட்டினால்தான் பள்ளம் வந்தது. அடுத்த வாரம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வரை நடந்தேன். பாலத்தில் ஊர்த்தெருப் பெண்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். "அந்தப் பக்கம் போனா வீட்டுல அடிப்பாங்க மிஸ்" என்றார்கள். ஒரு பள்ளத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டுமானால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. ஆக்சிஜன் பிறகு வந்தது.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. மாவுச் சல்லடை, வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, பூதக்கண்ணாடி, கையளவு டிடிஎஸ் மீட்டர். மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் ஊற்றி வைத்தால் கறுத்துப்போகிற ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி. சிவப்புப் புழுவைக் கண்டு முதல் நாள் அலறிய பிள்ளைகள் மூன்றாம் வாரம் காடிஸ் புழு எந்தக் கல்லடியில் இருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். எட்டாம் வகுப்பு தாண்டியதும் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். "பெரியவளாயிட்டா, இனிப் பள்ளத்துக்கு அனுப்ப முடியாதுங்க" என்றார்கள் அம்மாக்கள். பையன்களை யாரும் நிறுத்தவில்லை. அப்படியென்றால் நீங்களும் கூட வாருங்கள் என்று அம்மாக்களைக் கேட்டேன். சிலர் வந்தார்கள். கல்யாணமாகி வந்து இருபது வருடத்தில் முதல் தடவையாகத் தண்ணீரில் நிற்கிறேன் என்று ஊர்த்தெரு அம்மா ஒருவர் சொன்னார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார்.

பள்ளத்தைத் தூர்வாரும் வேலையும் பெண்கள்மீதுதான் வந்து விழுந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டில் நடந்த வேலைநாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் பெண்களுடையவையாக இருந்தன. வேலூர் மாவட்டத்தில் வறண்டு கிடந்த நாகநதிப் படுகையில் ஆயிரக்கணக்கான பெண்கள் இதே திட்டத்தில் நீர்செறிவூட்டும் கிணறுகள் எடுத்தார்கள். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊருக்கு ஐந்து பெண்களைக் குடிநீர் பரிசோதிக்கப் பழக்கச் சொல்கிறது. சமூகம் நீரைக் காக்கிறது என்று அறிக்கைகளில் வாசிக்கும்போது அந்தச் சமூகத்தின் கையில் மண்வெட்டியும் தலையில் கூடையும் இருப்பதை நான் பார்க்கிறேன். எங்கள் ஊரில் பள்ளம் குறித்து முடிவெடுக்க ஒரு குழு போட்டபோது மண் சுமந்தவர்களில் ஒருவருக்கும் அதில் இடமில்லை.

அந்தக் குழுதான் பள்ளத்தை அழகுபடுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், நடைபாதை, மரக்கன்று. அதற்குக் கரையோரம் இருந்த ஒன்பது வீடுகளை ஆக்கிரமிப்பு என்று எடுக்க வேண்டும். காரணம், அந்த வீடுகள்தான் நீரைக் கெடுக்கின்றன. ஆதாரம், ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. என் வரியை எடுத்து, அதிலிருந்த 'இருக்கலாம்' என்பதை நீக்கிவிட்டுப் போட்டிருந்தார்கள். கூவம் கரையிலிருந்து எடுத்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் விடப்பட்டவர்களைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். எங்கள் ஊரில் அதைச் செய்யப்போவது என் எழுத்து.

அக்காவின் வீடு அந்த ஒன்பதில் ஒன்று. போய்ச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னிக்கு ராத்திரி நீங்களுந்தான இருந்தீங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு உள்ளே போய்க் கணக்கு நோட்டுகளை எடுத்துவந்து வைத்தார். ஒன்றல்ல, நான்கு. எழுதிய சிறுமி படித்து வேலைக்குப் போன பிறகு அவள் தங்கை எழுதியிருந்தாள். நான் கைவிட்ட ஆய்வை அவர்கள் பதினோரு வருடம் நடத்தியிருந்தார்கள்.

2022 மே 1 கிராம சபையில் அந்த நோட்டுகளோடு இருபது பெண்கள் வந்தார்கள். ஊர்த்தெரு அம்மாக்கள் நான்கு பேர் அவர்களோடு வந்து உட்கார்ந்தார்கள். "இது பொம்பளைங்க பஞ்சாயத்து, அப்புறம் பாத்துக்கலாம்" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி தேதிகளை வாசிக்க ஆரம்பித்தாள். வாசித்துக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து, என் ஆய்வேட்டின் அந்த வரி தவறு என்றேன். கழிவு பாலத்தில் இறங்குகிறது, கீழே தங்குகிறது, அது என் வீட்டுத் தொட்டியிலிருந்தும் வந்த கழிவு என்றேன். மாமன் எழுந்து வெளியே போனார். அதன் பிறகு எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அம்மா என்னோடு இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. ஆய்வேட்டில் உள்ள பிழையைச் சுட்டிக் கல்லூரிக்கு எழுதினேன். பதில் வரவில்லை. எழுதிய நகலைக் குழுவுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுத்தோம்.

வெற்றி என்று சொல்ல மாட்டேன். சுவர்த் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்பது வீடுகளும் இருக்கின்றன, பட்டா இல்லாமல். பாலத்தில் விளக்குப் போட்டார்கள், லாரி வருவது நின்றது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டபோது அக்கா, "இங்க கொட்டலீன்னா வேற எங்கியோ கொட்டறானுங்க. அங்க யாரு துணி தொவைக்கறாங்களோ" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. லாரி இறக்குவதற்கு ஒரு சுத்திகரிப்பு இடம் கேட்டு இப்போது மனுக் கொடுத்து வருகிறோம்.

மாணவிகள் ஆய்வு செய்ய வரும்போது இரண்டு விஷயம் சொல்லி அனுப்புகிறேன். மாதிரி எடுத்த இடத்தில் இருப்பவர்களிடம் முடிவை முதலில் சொல்லுங்கள், கட்டுரை காத்திருக்கட்டும். 'இருக்கலாம்' என்று எழுதும் முன் அங்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஐந்தாவது நோட்டு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் எஸ்4 என்று ஓர் இடம் கிடையாது. புங்கமரத்துத் துறை என்று இருக்கிறது. அந்த மரத்தடியில்தான் ஒரு வருடம் நான் ஸ்கூட்டரை நிறுத்தினேன். போன மழைக்குப் பிறகு அக்கா போன் செய்தார். தட்டில் உறை கட்டின புழு ஒன்று வந்திருக்கிறது, பாலத்துக்குக் கீழே இதுதான் முதல் தடவை, எழுதிக்கலாமா என்று கேட்டார். ஒன்றுதானா என்று கேட்டேன். "ஒண்ணுதானுங்க. மறுக்கா அடுத்த வாரம் பாத்துட்டு எழுதறமுங்க" என்றார்.